கோல் வாசலில் நிற்கும் பிள்ளைக்குக் கவசம் எங்கே?

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி தொடக்கம் டிசம்பர் 10ஆம் திகதி வரை தமிழ்நாட்டின் சென்னையிலும் மதுரையிலும் ஆடவருக்கான கனிஷ்ட உலகக்கிண்ண ஹொக்கிப் போட்டிகள் நடைபெற்றன. முதற்தடவையாக 24 நாடுகள் பங்குபற்றிய இச்சுற்றில் ஜேர்மனி சம்பியனானது. ஸ்பெயினுடனான இறுதிப்போட்டி சமநிலையில் முடிந்தமையால், வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஈற்றில் இரு கோல்காப்பாளர்களின் தலையிலேயே சுமத்தப்பட்டது. ஆர்ஜென்டீனாவை வென்று மூன்றாமிடத்தைப் பெற்ற இந்திய அணியின் பயிற்றுநராக விளங்கியவரும் ஒரு முன்னாள் கோல்காப்பாளரே. டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் இந்தியா வெண்கலப் பதக்கம் பெறக் காரணமாக இருந்த பி.ஆர்.ஸ்ரீஜேஷ் தான் அவர்.

ஸ்ரீஜேஷின் வாழ்க்கையில் ஒரு செய்தி அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள கிழக்கம்பலம் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், திருவனந்தபுரத்திலுள்ள ஜி.வி.ராஜா விளையாட்டுப் பாடசாலையில் சேர்ந்து கோல்காப்பாளராகத் தெரிவுசெய்யப்பட்டார். கோல்காப்பாளருக்கான காற்காப்பும் தலைக்கவசமும் மார்புக் கவசமும் வாங்க வீட்டிற் பணமிருக்கவில்லை. தந்தையார் வீட்டுப் பசுவை விற்று மகனுக்கு முதலாவது கவசத் தொகுதியை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிள்ளையே பிற்காலத்தில் இந்திய அணியின் தலைவரானார். 2021இல் கேல் ரத்னா விருதையும் 2025இல் பத்மபூஷண் விருதையும் பெற்றார்.

இக்கதையைக் கேட்போர் தந்தையின் தியாகத்தைப் போற்றுவது இயல்பானதே. ஆயினும் இதற்குள் பொதிந்திருக்கும் மற்றுமொரு கேள்வியை நாம் கேட்கத் தவறிவிடுகின்றோம். விற்பதற்குப் பசு இல்லாத வீட்டுப் பிள்ளையின் நிலை என்ன? மகனின் திறமையை உணராத தந்தையாக அவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு பிள்ளை மைதானத்தில் உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தின்றி விளையாடுவது, அந்த வீட்டின் தொழுவத்தில் என்ன நிற்கின்றது என்பதைப் பொறுத்த விடயமாக இருக்கலாமா? இக்கேள்வி கிழக்கம்பலத்திற்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் களுவாஞ்சிகுடிக்கும் பொருந்தும்.

மட்டக்களப்பில் ஹொக்கி பரவலாக ஆடப்படும் விளையாட்டு அல்ல என்று வாசகர் கூறக்கூடும். அது உண்மையே. இலங்கையில் ஹொக்கி என்றவுடன் நினைவுக்கு வரும் ஊர் மாத்தளை. வாவிக்கரையின் பிள்ளைகள் உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், எல்லே, கிரிக்கெட் என்பவற்றில் வளர்ந்தவர்கள். ஆனால், ஹொக்கிப் பந்தின் எடை 156 கிராம் முதல் 163 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. கடினப்பந்து கிரிக்கெட்டில் பயன்படும் பந்தின் எடையும் ஏறத்தாழ அதுவே. சுற்றளவிலும் பெரிய வேறுபாடில்லை. மாத்தளையில் கோல் வாசலில் நிற்கும் பிள்ளையை நோக்கி வருவதும், கல்லடியில் துடுப்புடன் நிற்கும் பிள்ளையை நோக்கி வருவதும் ஒரே கனமுள்ள ஆபத்துதான். ஆகவே ஹொக்கிக் கோல்காப்பாளரின் கவசத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறையவே உள்ளன.

இவ்விடத்தில் எழக்கூடிய ஒரு நியாயமான ஆட்சேபத்தை முதலில் நோக்குவோம். மதுரையில் அந்தப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே நாட்களிலேயே டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கிழக்கும் மலையகமும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கித் தவித்தன. வீடிழந்தோரும் வயலிழந்தோரும் இருக்கையில் விளையாட்டுக் கவசம் பற்றிப் பேசுவது பொருத்தமானதா என்று கேட்பவர்களை நாம் குறைகூற மாட்டோம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த கல்லடிக் கரையோர மக்களுக்கு அக்கேள்வியின் பாரம் நன்கு தெரியும்.

எனினும், அனர்த்தங்களுக்குப் பின்னர் பிள்ளைகள் முதலில் திரும்பிச் செல்லும் இடங்களில் ஒன்று மைதானம் என்பதையும் அதே மக்கள் அறிவர். போர் முடிந்ததன் பின்னர் பாடசாலைகளிலும் கழகங்களிலும் கடினப்பந்து கிரிக்கெட்டுக்கு ஆர்வம் பெருகியது. மென்பந்தில் பழகிய கைகள் கடினப்பந்துக்கு மாறின. ஆனால் மென்பந்துக்குத் தேவைப்படாத கவசங்கள் கடினப்பந்துக்குத் தேவை என்ற உணர்வு அதே வேகத்தில் பெருகவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை உயர்ந்தது. இறக்குமதிப் பொருளான விளையாட்டுக் கவசம் சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றமைக்கு இது ஒரு பிரதான காரணமாகும்.

கவசத்தின் வரலாறு சுவையானது, அதேவேளை கசப்பானதும்கூட. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கப்பதக்கம் வென்றபோது கோல் வாசலில் நின்றவர் ரிச்சர்ட் அலன். அக்காலத்துக் காற்காப்புகள் கிரிக்கெட் ஆட்டக்காரரின் காற்காப்புகளையே ஒத்திருந்தன. பிரம்பும் பஞ்சும் கன்வஸ் துணியும் தோலும் கொண்டு அவை தைக்கப்பட்டிருந்தன. 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் இந்திய கோல் வாசலைக் காத்த சங்கர் லக்ஷ்மணும், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இடம்பெற்ற கண்ணூரைச் சேர்ந்த மனுவல் பிரெடரிக்கும் இன்றைய கவசங்களைக் கண்டிராத தலைமுறையினர். சங்கர் லக்ஷ்மண் 2006ஆம் ஆண்டில் காலில் ஏற்பட்ட அழுகல் நோயினால் வறிய நிலையிற் காலமானார். மனுவல் பிரெடரிக் 2025 ஒக்டோபர் மாத இறுதியில் மறைந்தார்.

1976ஆம் ஆண்டு மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. புல்தரையில் தடுக்கித் தடுமாறி வந்த பந்து, செயற்கைத் தரையில் வழுக்கிக்கொண்டு பாயத் தொடங்கியது. இன்று தண்டக் கோணத்திலிருந்து தடியினால் இழுத்து வீசப்படும் பந்து மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் வருகின்றது. கோல் வட்டத்தின் விளிம்புக்கும் கோல் கோட்டுக்கும் இடைப்பட்ட தூரம் 14.63 மீற்றர். அந்தத் தூரத்தைக் கடக்க அப்பந்துக்கு ஏறத்தாழ அரை வினாடியே போதும். பஞ்சும் பிரம்பும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. அதனாலேயே அடர்த்தியான நுரைப்பொருளினாற் செய்யப்பட்ட காற்காப்பும், பாதணியின் மேல் அணியும் உதைகாப்பும் வழக்குக்கு வந்தன.

இன்று சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்தின் விதிப்படி கோல்காப்பாளர் ஒருவர் குறைந்தது தலைக்கவசம், காற்காப்பு, உதைகாப்பு ஆகிய மூன்றையும் அணிந்தே ஆக வேண்டும். காற்காப்பின் அகலம் 300 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. கைகாப்பு 228 மில்லிமீற்றர் அகலத்துக்கும் 355 மில்லிமீற்றர் நீளத்துக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். இந்த அளவுகள் கவசம் என்ற பெயரில் கோல் வாசலையே அடைத்துவிடாதிருப்பதற்கானவை. விதி சொல்லாவிட்டாலும் மார்பு, தோள், முழங்கை, தொண்டை, இடுப்பு, அடிவயிறு ஆகியவற்றுக்கான காப்புகளையும் எந்தப் பொறுப்புள்ள பயிற்றுநரும் விட்டுவிட மாட்டார்.

கவசத்தைத் தெரிவு செய்வதில் நம்மவர்கள் இழைக்கும் முதலாவது தவறு, பிள்ளை வளர்ந்துவிடும் என்று எண்ணி இரண்டு அளவு பெரியதாக வாங்குவதாகும். பாடசாலைச் சீருடைக்கு இந்தச் சிக்கனம் பொருந்தும்; கவசத்துக்குப் பொருந்தாது. காற்காப்பின் முழங்காற் பகுதி முழங்காற் சில்லுக்கு நேராக அமைய வேண்டும். அது மேலே சென்றால் பிள்ளையால் முழங்காலை மடிக்க முடியாது. கீழே இறங்கினால் சில்லு வெளியே தெரியும். கோல்காப்பாளரின் காற்காப்பின் அடிப்பகுதி உதைகாப்பின் மீது இடைவெளியின்றி அமர்ந்திருக்க வேண்டும். பட்டிகளை இறுக்கியபின் பிள்ளையை ஓடவும் குந்தவும் பக்கவாட்டில் விழுந்தெழவும் செய்து பார்க்க வேண்டும். கவசம் காலைச் சுற்றிச் சுழன்றால் அது பெரிது. கெண்டைக்கால் மரத்தால் அது சிறிது.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை மேலும் கவனம் தேவை. நாடிப் பட்டியை மாட்டியபின் தலையை வேகமாக அசைத்தாலும் கவசம் தனியே அசையக்கூடாது. கம்பிக்கூடு மூக்கையோ கன்னத்தையோ தொடக்கூடாது. கிரிக்கெட் தலைக்கவசத்துக்கென 2013ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட பிரித்தானியத் தரநிர்ணயம் 7928 என்ற இலக்கத்தைக் கொண்டது. நெற்றி விளிம்புக்கும் கம்பிக்கூட்டுக்கும் இடையிலான வெளியினூடாகப் பந்து புகுந்து முகத்தைத் தாக்குமா என்பதை அது பரிசோதிக்கின்றது. கிரிக்கெட் விதிகளின்படி 13 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தும் பந்து பெரியோரின் பந்தைவிடச் சிறியது என்பதால் சிறுவர் கவசம் சிறிய பந்தைக்கொண்டு தனியாகப் பரிசோதிக்கப்படுகின்றது. அண்ணன் அணிந்த பெரிய கவசத்தைத் தம்பிக்குக் கொடுக்கும்போது, பெரிய பந்து புகாத இடைவெளியினூடாகச் சிறிய பந்து புகுந்துவிட முடியும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

இரண்டாவது தவறு, புதிய கவசத்தைப் போட்டியன்றே முதன்முதலாக அணிவது. பெருஞ்சமருக்கு முதல்நாள் வாங்கி, மறுநாட் காலையில் பிள்ளையின் காலில் கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. புதிய தோற் கையுறை விறைப்பானது. அதனுள் விரல்கள் மடங்கா. புதிய நுரைக்காப்பில் பட்ட பந்து எங்கே தெறிக்கும் என்பது பழகியவருக்கே தெரியும். ஆதலால் முதலில் வீட்டுக்குள் சிறிது நேரம் அணிந்து நடக்கப் பழக வேண்டும். அடுத்து மென்பந்தைக் கையால் மெதுவாக எறிந்து பிடிக்கவும் தடுக்கவும் செய்ய வேண்டும். அதன் பின்னரே கடினப்பந்தைக் குறைந்த வேகத்திலும், படிப்படியாகக் கூடிய வேகத்திலும் எதிர்கொள்ளச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் பயிற்சியின் பின்னர் உடலில் எங்கே தோல் உராய்ந்து சிவந்திருக்கின்றது என்று பார்த்துப் பட்டிகளைச் சீர்செய்ய வேண்டும்.

கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் நம் உறவினரின் பிள்ளைகளுட் பனி ஹொக்கி ஆடுவோர் இதை நன்கறிவர். பனி ஹொக்கிக் கோல்காப்பாளரின் காற்காப்பு 11 அங்குல அகலம் வரை இருக்கலாம். பருத்த அக்காப்பு முழங்காலில் இயல்பாக மடிந்து கொடுக்கும் வரை வாரக்கணக்கில் பயிற்சியில் அணிந்து பழக்குவது அங்கே வழமை. கவசம் உடலுக்குப் பழகுவது ஒரு பாதி. உடல் கவசத்துக்குப் பழகுவது மறுபாதி. இரண்டும் நிறைவேறாத கவசம் பாதுகாப்பு என்ற பொய்யான நம்பிக்கையையே கொடுக்கும். அந்நம்பிக்கையில் பிள்ளை முன்னரைவிடத் துணிந்து ஆபத்தை நோக்கிச் செல்லவும் கூடும்.

மூன்றாவது தவறு பராமரிப்பில் நிகழ்கின்றது. மேற்கே வாவி, கிழக்கே கடல் என்றிருக்கும் கல்லடியின் உப்புக்காற்று இரும்பையும் விட்டுவைப்பதில்லை. தலைக்கவசத்தின் கம்பிக்கூட்டிலும் அதன் திருகாணிகளிலும் துரு ஏறும். வியர்வையில் ஊறிய நுரையில் பூஞ்சணம் படரும். ஒட்டுப்பட்டிகளில் மணல் புகுந்து பிடிப்பு இழக்கும். பயிற்சி முடிந்ததும் கவசங்களைப் பையிற் போட்டுப் பூட்டிவிடாமல் நிழலில் காற்றாட விரித்து உலர்த்த வேண்டும். கொளுத்தும் வெயிலில் நாட்கணக்கில் காயவிடுவது நுரையையும் பிளாஸ்டிக்கையும் வலுவிழக்கச் செய்யும். பலமான அடிபட்ட தலைக்கவசம் வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் உள்ளே பழுதடைந்திருக்கலாம். அதனை மாற்றிவிடுவதே அறிவுடைமை.

இவை சிறிய விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் விளையாட்டுலகில் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் மரணங்களின் பின்னரே எழுதப்பட்டிருக்கின்றன. 1998 பெப்ரவரியில் டாக்காவில் நடைபெற்ற கழகப் போட்டியொன்றில் இந்திய வீரர் ராமன் லம்பா துடுப்பாட்டக்காரருக்கு மிக அண்மையில் தலைக்கவசமின்றிக் களத்தடுப்பில் நின்றார். ஓவரில் ஒரு சில பந்துகளே எஞ்சியுள்ளன என்பதால் கவசம் தேவையில்லை என்று அவர் கருதியதாகக் கூறப்படுகின்றது. நெற்றியிற் பந்து தாக்கி, மூன்று தினங்களின் பின்னர் அவர் உயிரிழந்தார். 2014 நவம்பரில் சிட்னியில் பிலிப் ஹியூஸ் தலைக்கவசத்துக்குக் கீழே கழுத்திற் பந்து தாக்கி மரணமானார். அதன் பின்னரே கழுத்துக்காப்பு பற்றிய சிந்தனை உலகெங்கும் எழுந்தது. 2019 பெப்ரவரியில் கன்பராவில் நமது நாட்டின் திமுத் கருணாரத்னவும் கழுத்துப் பகுதியில் பந்து தாக்கிப் படுக்கையில் வைத்து எடுத்துச் செல்லப்பட்டார். அன்று அவர் உயிர் தப்பினார்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், வேகப்பந்தை எதிர்கொள்ளும் துடுப்பாட்டக்காரர், விக்கெட்டை ஒட்டி நிற்கும் விக்கெட் காப்பாளர், துடுப்பாட்டக்காரருக்கு முன்னே நெருங்கி நிற்கும் களத்தடுப்பாளர் ஆகியோருக்குச் சர்வதேச கிரிக்கெட் பேரவை தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் பனி ஹொக்கி வீரர் ஒருவர் சறுக்குப் பாதணியின் கத்தி கழுத்தை வெட்டியதால் இறந்தார். அதன் பின்னர் சர்வதேச பனி ஹொக்கிச் சம்மேளனம் தனது போட்டிகளில் கழுத்துக்காப்பைக் கட்டாயமாக்கியது. இத்தனைக்கும் பின்னர், 2025 ஒக்டோபரில் மெல்பேர்ன் நகரில் 17 வயது இளைஞர் ஒருவர் வலைப்பயிற்சியின்போது கழுத்திற் பந்து தாக்கி உயிரிழந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார், கழுத்துக்காப்பு இருக்கவில்லை. வசதி படைத்த நாடொன்றிலேயே இவ்வாறு நிகழுமெனில், வசதியற்ற நமது மைதானங்களின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமது சமூகத்தையும் இத்தகைய துயரம் தீண்டாமல் விடவில்லை. 2015 ஜூலை மாதத்தில் இலண்டனை அண்டிய சரே பிராந்தியத்தில், பிரித்தானியத் தமிழர் கிரிக்கெட் லீக் போட்டியொன்றில் ஆடிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் மார்பிற் பந்து தாக்கி மைதானத்திலேயே சரிந்து உயிரிழந்தார். நோயற்ற நெஞ்சிலும், இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழும் அடி இதயத்தின் தாளத்தையே குலைத்துவிட முடியும் என மருத்துவர்கள் கூறுகின்றனர். இளம் வயதினரே இதற்குப் பெரிதும் இலக்காகின்றனர். மார்புக் கவசம் இந்த ஆபத்தை முற்றாக நீக்கிவிடாது. அவ்வாறான நேரத்தில் உடனடியாக நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவரும், இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவியும் மைதானத்தில் இருப்பதே உயிர்காக்கும். மின்னதிர்வு கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகின்றது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஆனால் அது வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் மைதானத்தில் நிற்பவர்களின் கையிலேயே உள்ளன.

இந்தப் பின்னணியில் மாலை வேளைகளில் நமது மைதானங்களில் நாம் காணும் காட்சியை நினைவுகூர்வோம். அணிக்கு இரண்டு சோடிக் காற்காப்புகள். ஆட்டமிழந்து வருபவர் எல்லைக் கோட்டில் அமர்ந்து அவிழ்க்க, அடுத்தவர் அவற்றையே அவசரமாகக் கட்டிக்கொண்டு ஓடுகின்றார். ஒருவரின் வியர்வையில் ஊறிய தலைக்கவசம் அடுத்தவரின் தலைக்குப் போகின்றது. அளவு பொருந்துகின்றதா என்று பார்க்க நேரமில்லை. காற்காப்பின் பட்டி அறுந்த இடத்தைச் சணற்கயிறு நிரப்புகின்றது. அடிவயிற்றுக் காப்பைக் கேட்கப் பிள்ளை வெட்கப்படுகின்றான்; கேட்டறியப் பெரியவர்களும் வெட்கப்படுகின்றனர். இவ்வாறே நமது பிள்ளைகள் 160 கிராம் எடையுள்ள பந்தை எதிர்கொள்கின்றனர். பெரிய விபத்து நேராதிருப்பது நமது ஏற்பாட்டின் சிறப்பினால் அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெண் பிள்ளைகளின் நிலை தனியே கவனிக்கப்பட வேண்டியது. ஆண்களுக்கென வடிவமைக்கப்பட்ட மார்புக் காப்பையும் இடுப்புக் காப்பையும் அவர்கள் மீது மாட்டிவிடுவது பாதுகாப்பாகாது. முஸ்லிம் மாணவிகளின் ஆடை தொடர்பிலும் சர்வதேச நிலைப்பாடு மாறியிருக்கின்றது. உதைபந்தாட்ட விதிகள் 2014ஆம் ஆண்டிலும் கூடைப்பந்தாட்ட விதிகள் 2017ஆம் ஆண்டிலும் தலையை மறைக்கும் விளையாட்டு ஆடைக்கு இடமளித்தன. ஊசி குத்தாத, கழுத்தை இறுக்காத, தலைக்கவசத்தின் கீழ் மடிப்பு விழாத தலையாடையும் ஒரு விளையாட்டு உபகரணமே என்ற எண்ணத்துடன் பாடசாலைகள் திட்டமிட வேண்டும். தலையாடையுடன் சேர்த்தே தலைக்கவசத்தின் அளவைப் பார்க்க வேண்டும். ஆடையின் பொருட்டு விளையாட்டையோ, விளையாட்டின் பொருட்டு ஆடையையோ கைவிடுமாறு ஒரு மாணவியை நிர்ப்பந்திக்கத் தேவையில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் நமது பாடசாலைகளுக்கு ஆற்றிவரும் உதவி அளப்பரியது. ஆயினும் வெற்றிக்கிண்ணங்களுக்கும் அலங்கார வளைவுகளுக்கும் விளையாட்டுப் போட்டி மலர்களுக்கும் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்குதானும் கவசங்களுக்குச் செலவாகின்றதா என்பது கேள்விக்குரியது. வெளிநாடுகளிலிருந்து வந்துசேரும் பழைய உபகரணப் பொதிகளிலும் அவதானம் தேவை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் தானமாக வந்த தலைக்கவசத்தின் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும். எந்த ஆண்டிற் செய்யப்பட்டது, அடிபட்டதா, எந்த அளவினது, எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று தெரியாத கவசத்தைப் பிள்ளையின் தலையில் வைப்பது உபகாரமாகாது.

தீர்வு எட்டாக்கனி அல்ல. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என ஐந்து கல்வி வலயங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு பாடசாலையும் முழுமையான கவசத் தொகுதிகளை வாங்க இயலாது என்பது யதார்த்தம். ஆனால் நூலகத்தில் நூல்களை இரவல் கொடுப்பது போன்று, வலயத்துக்கொரு கவசக் களஞ்சியத்தை அமைத்து, வெவ்வேறு அளவுகளிலான தொகுதிகளைப் பருவகாலத்துக்கு இரவல் வழங்க முடியும். பிள்ளை வளர்ந்ததும் சிறியதைத் திருப்பிக் கொடுத்துப் பெரியதைப் பெற்றுக்கொள்ளலாம். பெற்றோர் இரண்டு அளவு பெரியதாக வாங்கும் தேவையும் நீங்கும். ஒவ்வொரு கவசத்துக்கும் இலக்கமிட்டு, வாங்கிய திகதி, அடிபட்ட விபரம், கழித்த திகதி என்பவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்தால், எது பாவனைக்கு உகந்தது என்ற ஐயத்துக்கு இடமிராது.

இக்களஞ்சியங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதும் அவசியமாகும். மட்டக்களப்பு மத்தி வலயத்தின் பாடசாலைகளில் பெரும்பாலானவை முஸ்லிம் பாடசாலைகள். ஏனைய வலயங்களில் பெரும்பாலானவை தமிழ்ப் பாடசாலைகள். கல்லடியிலிருந்து காத்தான்குடிக்கு உள்ள தூரம் சில கிலோமீற்றர்களே. ஒரு வாரத்தில் இவ்வூரில் போட்டி, மறுவாரத்தில் அவ்வூரில் போட்டி என்றிருக்கையில், போட்டி இல்லாத வாரத்தில் ஒரு வலயத்தின் தலைக்கவசம் மற்றைய வலயத்தின் பிள்ளையைக் காக்கட்டும். கடந்த காலத்தில் இவ்விரு சமூகங்களுக்குமிடையே நேர்ந்த கசப்புகளை மேடைப் பேச்சுகள் போக்கிவிடவில்லை. தன் பிள்ளையின் தலையைக் காத்த கவசம் அடுத்த ஊர்ப் பாடசாலையிலிருந்து வந்தது என்பதை ஒரு தாய் அறிந்திருப்பதற்கு மேடைப் பேச்சுகளைவிடப் பெறுமதி அதிகம்.

இவற்றோடு மூன்று விடயங்களை வலயக் கல்வி அலுவலகங்களும் மாவட்ட விளையாட்டுப் பிரிவும் உடனடியாகவே செய்யலாம். பெரிய செலவு தேவைப்படாதவை அவை. கடினப்பந்துப் பயிற்சிக்கும் போட்டிக்கும் தலைக்கவசமின்றி எந்த மாணவரையும் அனுமதிக்கலாகாது என்று சுற்றறிக்கை விடுப்பது முதலாவது. விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அனைவருக்கும் கவசத்தின் அளவு பார்க்கவும் இதயத்துக்கான முதலுதவி செய்யவும் ஒருநாட் பயிற்சி அளிப்பது இரண்டாவது. போட்டி தொடங்குமுன் நடுவர்கள் ஆடுகளத்தைப் பரிசோதிப்பது போன்று கவசங்களையும் பரிசோதிப்பது மூன்றாவது. பழுதான கவசத்துடன் வரும் அணிக்குத் தண்டனை விதிக்க வேண்டியதில்லை. களஞ்சியத்திலிருந்து மாற்றுக் கவசம் கொடுத்தாற் போதும்.

தமிழ்நாட்டின் கோவில்பட்டி ஒரு சிறிய ஊரே. தலைமுறைகளாக ஹொக்கியை நேசித்த அவ்வூரும் அரியலூரும் 2022ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் ஆடிய இந்திய அணிக்கு மாரீஸ்வரன் சக்திவேலையும் கார்த்தியையும் தந்தன. எளிய குடும்பங்களிலிருந்து வந்த அந்த இளைஞர்களுக்குப் பின்னால் விளையாட்டு விடுதிகளும் பயிற்றுநர்களும் ஊராரும் நின்றனர். திறமை எங்கும் முளைக்கும். அதனைக் காத்து வளர்க்கும் வேலி ஊர் கூடிப் போட வேண்டியது.

1929ஆம் ஆண்டில் சுவாமி விபுலானந்தர் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, வசதியற்ற பிள்ளைக்கும் கல்வி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. வறுமை காரணமாக ஒரு பிள்ளையின் கல்வி நின்றுவிடலாகாது என்பதை ஏற்றுக்கொண்ட சமூகம், வறுமை காரணமாக ஒரு பிள்ளையின் உயிர் ஆபத்துக்குள்ளாகலாகாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிழக்கம்பலத்துத் தந்தையிடம் ஒரு பசு இருந்தது; அவர் அதை விற்றார். அவரை வணங்குவோம். ஆனால் நமது ஊர்களில் எந்தத் தந்தையும் தன் பிள்ளையின் தலைக்கவசத்துக்காகப் பசுவையோ, தோணியையோ, தாலிக்கொடியையோ விற்கும் நிலை வரக்கூடாது. அடுத்த பருவகாலப் போட்டிகள் தொடங்குமுன் வலயக் கல்விப் பணிப்பாளர்களும் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகத்தினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் இது கைகூடும். ஒரு பிள்ளையை இழந்த பின்னர் அந்த மேசையில் அமர்வதைவிட, இன்றே அமர்வது மேலானது.